இந்தாம்மா ஏய்: மாரிமுத்து, குணசேகரன், நமது வீடுகள்

2023 செப்டம்பர் 8 அன்று அந்தச் செய்தி பரவிய விதத்தை யோசித்துப் பாருங்கள். டீக்கடையிலும் பஸ்ஸிலும் ‘மாரிமுத்து இறந்துட்டாராம்’ என்று சொன்னவர்கள் குறைவு. ‘குணசேகரன் செத்துட்டாராம்ல’ என்பதுதான் பேச்சு. நடிகரின் பெயரைக் கதாபாத்திரம் தின்றுவிட்டிருந்தது. எம்.ஜி.ஆர். விஷயத்தில் நடந்தது இதற்குத் தலைகீழ். அங்கே அத்தனை கதாபாத்திரங்களின் பெயரையும் நடிகரின் பெயர் தின்று செரித்தது. அந்தச் செரிமானத்தின் அரசியலை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ‘தி இமேஜ் ட்ராப்’ நூலில் எழுதினார். நாயகப் பிம்பம் பற்றி அதற்குப் பிறகு நாமும் நிறையவே பேசித் தீர்த்துவிட்டோம். நாயகனுக்குப் பக்கத்தில் நிற்பவனைப் பற்றி, சம்பளப் பட்டியலில் ஏழாவது எட்டாவது இடத்தில் இருப்பவனைப் பற்றி, இரவு ஒன்பதரை மணிக்கு நம் வீட்டுக் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறவனைப் பற்றிப் பேசியது சொற்பம். சீரியல் என்றாலே ‘அழுகாச்சி’ என்று முகம் திருப்பிக்கொள்வது நம் சிற்றிதழ்ப் பழக்கம். அதைப் பார்ப்பவர்கள் பெண்கள் என்பதால்தான் அந்த முகத்திருப்பல் அவ்வளவு சுலபமாக இருந்ததோ என்கிற சந்தேகம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

மாரிமுத்துவுக்கு அஞ்சலி எழுதுவது என் நோக்கமில்லை. ‘உழைப்பால் உயர்ந்தவர்’, ‘காலம் தாழ்ந்து கிடைத்த அங்கீகாரம்’ என்றெல்லாம் அப்போதே எழுதிவிட்டார்கள். அந்த மாதிரி அஞ்சலிகளில் ஒரு மோசடி இருக்கிறது. ஒரு மனிதரை முப்பது வருஷம் காக்கவைத்தது எது என்று கேட்காமல், அவர் காத்திருந்ததையே ஒரு நற்குணமாக மாற்றிவிடுகின்றன.

*

தேனி மாவட்டம், வருசநாடு பக்கத்துப் பசுமலைத்தேரி அவர் ஊர். இயக்குநராகும் ஆசையில் 1990இல் வீட்டைவிட்டு ஓடி சென்னைக்கு வந்தவர். ஓட்டல்களில் பரிமாறும் வேலை. வைரமுத்துவோடு ஏற்பட்ட பழக்கம், அதற்குக் காரணமான இலக்கிய வாசிப்பு. பிறகு ராஜ்கிரணிடம் ‘அரண்மனைக் கிளி’ (1993), ‘எல்லாமே என் ராசாதான்’ (1995) படங்களில் உதவி இயக்குநர். மணிரத்னம், வசந்த், சீமான், எஸ்.ஜே. சூர்யா என்று பலரிடம் அதே உதவி வேலை. முதல் படம் ‘கண்ணும் கண்ணும்’ வெளிவந்தது 2008இல். வந்த நாளிலிருந்து எண்ணினால் பதினெட்டு வருஷம். அந்தப் படம் யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆனால் அதற்குள் இருந்த, கிணறு காணாமல்போன வடிவேலு நகைச்சுவை தமிழ்நாட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அரசாங்க ஊழல் பற்றி மேடையில் பேசும் எந்தத் தோழரும் ஒருதடவையாவது அந்தக் கிணற்றை இழுக்காமல் விட்டதில்லை. படத்தின் இயக்குநர் யார் என்று கேட்டால் பதில் வராது. இரண்டாவது படம் ‘புலிவால்’, 2014. மலையாளத்து ‘சாப்பா குரிசு’வின் மறு ஆக்கம். அத்தோடு சரி.

இதற்கிடையில் 2011இல் மிஷ்கினின் ‘யுத்தம் செய்’ அவரை நடிகராக்கிவிட்டது. கெட்டுப்போன போலீஸ்காரர். அதன் பிறகு இன்ஸ்பெக்டர், அப்பா, மாமா, உள்ளூர் அரசியல்வாதி, மறுபடி இன்ஸ்பெக்டர்.

‘குணச்சித்திர நடிகர்’ என்கிற தமிழ்ச் சொல்லை ஒரு நிமிஷம் நிறுத்திப் பார்க்கலாம். குணத்தைச் சித்திரமாக்குபவர் என்று பொருள் வருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தொழிலில் அதற்குள்ள பொருள் வேறு. கதாநாயகனுக்கு முகம் தேவையில்லை, பிம்பம் போதும். குணச்சித்திர நடிகருக்கு முகம்தான் மூலதனம். அந்த முகம் ஓர் ஊரைச் சொல்லவேண்டும், ஒரு தொழிலைச் சொல்லவேண்டும், வெளிப்படையாக யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், ஒரு சாதியையும் சொல்லவேண்டும். ‘பருத்திவீரன்’ (2007), ‘சுப்ரமணியபுரம்’ (2008) படங்களுக்குப் பிறகு மதுரை, தேனி, தெற்கத்தி மண் என்று ஒரு சந்தை திறந்தது அல்லவா, அந்தச் சந்தைக்கு மீசைகள் தேவைப்பட்டன. பேச்சில் மண் ஒட்டியிருக்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். இயக்குநராக வாய்ப்பு மறுத்த அதே ஊர் அடையாளம் நடிகராக வாய்ப்பு கொடுத்தது. அவர் எதிலிருந்து தப்பி ஓடிவந்தாரோ, அதையே அவர் முகத்தில் தேடி வாங்கியது சினிமா.

*

அந்த முகத்தை அதற்கு எதிராகவே பயன்படுத்தியது ஒரு படம்: மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018). அதில் ஜோவின் அப்பா மாரிமுத்து. கல்யாண மண்டபத்து அறைக்குள் பரியனைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசத் தொடங்குகிறார். பேச்சு முடிவதற்குள் சொந்தக்காரப் பையன்கள் உள்ளே பாய்ந்து அடிக்கிறார்கள், முகத்தில் சிறுநீர் கழிக்கிறார்கள். இந்த அப்பா அடிக்கிறவர் அல்லர். தடுக்கிறார், கெஞ்சுகிறார். கெஞ்சுவதன் சாரம் என்னவென்றால், நீ ஒதுங்கிவிடு, இல்லையென்றால் இவர்கள் உன்னையும் கொல்வார்கள், என் மகளையும் கொல்வார்கள்.

சாதியை வெறியாக நடிப்பது சுலபம். கண்ணை உருட்டி, நரம்பு புடைக்க, அரிவாளைத் தூக்கினால் போதும். பார்ப்பவனும் ‘நான் அப்படி இல்லப்பா’ என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவான். மாரிமுத்து அங்கே நடித்தது சாதியின் சாந்தமான முகத்தை. மகள்மீது பாசம் உள்ள, பரியனிடம் இரக்கமும் உள்ள, ஆனால் தன் சுற்றத்தாரை எதிர்த்து ஒரு வார்த்தைகூடச் சொல்லத் துணியாத மனிதர். அந்தக் குரலில் பரியனுக்கான பரிதாபம் பாதி, தன் மானத்துக்கான பயம் பாதி. எது எங்கே முடிகிறது என்று பிரித்துச் சொல்லமுடியாதபடி இரண்டையும் கலந்து பேசுகிறார். கடைசிக் காட்சியில் கல்லூரிக்கு வந்து பரியனோடு பேசுகிறாரே, அங்கேயும் அதே கலவை. மன்னிப்புக் கேட்கிற மாதிரியும் இருக்கிறது, கேட்காத மாதிரியும் இருக்கிறது. பால் டீ ஒரு கிளாஸிலும் பாலில்லாத டீ இன்னொன்றிலும், நடுவே ஒரு பூ என்று மாரி செல்வராஜ் படத்தை முடித்தார். அந்த இரண்டு கிளாஸ்களும் ஒரே மேசைமேல் இருக்க முடிகிறது என்று நாம் நம்புவதற்கு அந்த அப்பாவின் தடுமாறும் பேச்சுதான் காரணம். அந்த இடத்தில் ஒரு ‘திருந்திய அப்பா’வை நடித்திருந்தால் படம் பொய்யாகியிருக்கும்.

*

நாலு வருஷம் கழித்து, 2022 பிப்ரவரியில் சன் டிவியில் திருச்செல்வம் இயக்கிய ‘எதிர்நீச்சல்’ தொடங்கியது. மதுரையில் ஒரு கூட்டுக்குடும்பம். நாலு அண்ணன் தம்பிகள், ஒரு தங்கை, அம்மா, அப்பத்தா. மூத்தவர் ஆதி குணசேகரன். வீட்டுக்கு வரும் மருமகள்கள் எல்லோரும் படித்தவர்கள். வேலைக்குப் போகக்கூடாது, வாசல் தாண்டக்கூடாது. அப்பத்தா பட்டம்மாள் பேரில் நாற்பது சதவீத சொத்து இருக்கிறது. அதைத் தன் கைக்குள் கொண்டுவரக் குணசேகரன் போடும் கணக்கில்தான் கதை நகர்கிறது.

பெயரைக் கவனியுங்கள். திருச்செல்வத்தின் முந்தைய ‘கோலங்கள்’ (2003–2009) தொடரின் வில்லன் பெயரும் ஆதி. இங்கே ஆதியோடு குணசேகரன் சேர்ந்திருக்கிறது. 1952இன் ‘பராசக்தி’யில் சிவாஜி நடித்த அண்ணனின் பெயர் குணசேகரன். ரங்கூனிலிருந்து வந்து, மதுரைத் தங்கை கல்யாணிக்காக நீதிமன்றத்தில் சமூகத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய அண்ணன். எழுபது வருஷம் கழித்து அதே மதுரை, அதே பெயர், ஒரு அண்ணன், ஒரு தங்கை. இந்த அண்ணன் தங்கை ஆதிரையின் காதலை நசுக்கித் தன் கணக்குக்குத் தோதான ஒருவனுக்குக் கட்டிவைக்கிறார். தெரிந்தே வைத்த பெயரா என்பது எனக்கு முக்கியமில்லை. பிரதி தன் ஆசிரியனைக் கேட்டுக்கொண்டு பேசுவதில்லை. ‘பராசக்தி’ குணசேகரனின் வீழ்ச்சிதான் ‘எதிர்நீச்சல்’ குணசேகரன் என்று எழுதிவிட்டுப் போகலாம். நம் ஆட்கள் பலருக்கு அது பிடிக்கவும் செய்யும். எனக்கு அது சரியாகப் படவில்லை. முதல் குணசேகரனும் தங்கையின் கற்புக்குக் காவல் நின்றவன்தான். தங்கையின் உடலுக்கு அண்ணன் பொறுப்பு என்கிற ஒப்பந்தம் இரண்டு இடத்திலும் ஒன்றே. அங்கே அது லட்சியத்தின் மொழியில் பேசியது, இங்கே சொத்தின் மொழியில் பேசுகிறது. அடுக்குமொழி உதிர்ந்தபோது உள்ளே இருந்த பத்திரம் தெரிந்தது.

தமிழ்நாட்டில் பெண்ணுக்குப் பரம்பரைச் சொத்தில் சம உரிமை தந்த சட்டத்திருத்தம் 1989இல் வந்துவிட்டது. மத்தியச் சட்டம் 2005இல்தான் திருத்தப்பட்டது. சட்டம் வந்தபின் குடும்பங்களுக்குள் என்ன நடந்தது? ‘அண்ணனுக்கு விட்டுக் கொடுத்துட்டேன்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு பட்டுப்புடவையோடு திரும்பிய தங்கைகள் எத்தனை பேர்? அது நம் கதைகளில் வந்த அளவு மிகக் குறைவு. ‘குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்’ பற்றி வகுப்பு எடுத்த வீடுகளிலும் அந்தக் கையெழுத்து நடந்தது. அந்தப் பத்திரத்தைக் கூடத்தின் நடுவே வைத்து ஒன்றரை வருஷம் தினமும் பேசியது ஒரு சீரியல். இதை ஒத்துக்கொள்வதில் நமக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

*

இனி அந்த விளிச்சொல். ‘இந்தாம்மா ஏய்.’

தமிழ்நாடு பூராவும் பரவியது. மீமாக வந்தது, சின்னப் பிள்ளைகள் பேசிக் காட்டினார்கள், அலுவலகங்களில் ஆண்களும் பெண்களும் சொல்லிச் சிரித்தார்கள். ஏன் ஒட்டிக்கொண்டது? பிரித்துப் பார்த்தால் மூன்று சொல். ‘இந்தா’ என்பது தென்மாவட்டங்களில் புருஷன் பெண்டாட்டியைப் பெயர் சொல்லாமல் கூப்பிடும் சொல். கூப்பிடப்படுபவளுக்குப் பெயரே வேண்டியதில்லை. ‘அம்மா’ மரியாதை, தாய்மை, தமிழ்ப் பண்பாடு, இன்ன பிற. ‘ஏய்’ அதட்டல், மாட்டுக்கும் போடலாம், மனுஷிக்கும் போடலாம். பெயரை எடுத்துவிட்டு, மரியாதை கொடுத்து, கொடுத்த கையோடு அதைப் பிடுங்குவது, எல்லாம் ஒரே மூச்சில். தமிழ்க் குடும்பம் பெண்ணை எப்படி வைத்திருக்கிறது என்று நாம் பத்துப் பக்கம் எழுதுவதை அந்த மூச்சு சொல்லிவிடுகிறது.

எழுத்தில் இருந்திருந்தால் அது சும்மா ஒரு வசனம்தான். மாரிமுத்து ‘அம்மா’வில் குரலை இறக்கி, கிட்டத்தட்ட கொஞ்சல் மாதிரி, ‘ஏய்’யில் தூக்கினார். மிரட்டலுக்கு நடுவே சிரிப்பார், சிரிப்புக்கு நடுவே மிரட்டுவார். தம்பிகளை அதட்டும்போது பொய்க்கோபம், மருமகள்களிடம் பேசும்போது பொய்ச்சாந்தம். ரொம்பக் கத்தவேண்டிய இடத்தில் கத்தாமல், தன் தியாகத்தைச் சொல்லிக் குரல் தழுதழுக்க, ‘உங்களுக்காகத்தானே நான் இப்படிக் கிடக்கிறேன்’ என்கிற பாவனையில் வந்து நிற்பார். இதை நடிப்புப் பள்ளியில் கற்க முடியாது. ஊரில் இப்படிப்பட்ட பெரியப்பாக்களை, சித்தப்பாக்களை, திண்ணையில் உட்கார்ந்திருந்த காலத்தில் பயத்தோடும் கொஞ்சம் ரசித்தும் பார்த்தவரால்தான் முடியும். இன்னொன்றும் உண்டு. அவர் வாசகர், இயக்குநர். இந்த ஆள் எங்கே நடிக்கிறான், எங்கே தன் நடிப்பைத் தானே நம்பிவிடுகிறான் என்று வெளியே நின்று பார்க்கத் தெரிந்தவர். பிரெக்ட் கேட்ட நடிகர் பாத்திரத்துக்குள் கரைகிறவர் அல்லர், பாத்திரத்தைப் பார்வையாளரிடம் தூக்கிக் காட்டுகிறவர். பிரெக்டைக் கேட்டிராத ஒரு சீரியல் மேடையில், மூக்கைச் சிந்தவைக்கும் பின்னணி இசைக்கு நடுவே, மாரிமுத்து குணசேகரனைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். அதனால்தான் சிரிப்பு வந்தது. குடும்ப அதிகாரத்தைப் பார்த்துச் சிரிக்க முடிந்தது என்பது சின்ன விஷயமில்லை. கிராம்சி பொதுப்புத்தி என்று சொன்னாரே, யோசிக்காமல் சரியென்று நாம் வாழ்ந்துகொண்டிருப்பது, அதன் முதல் விரிசல் பெரும்பாலும் சிரிப்பில்தான் விழுகிறது.

தோழி ஒருவர் இதைக் கேட்டுவிட்டுக் கோபப்பட்டார். “நீங்க சிரிக்கலாம். உங்களுக்கு அது மிமிக்ரி. எங்க வீட்ல அண்ணன் அதைச் சொல்லிக்கிட்டே தட்டை நீட்டுறான். சோறு போடுன்னு நேரா சொன்னா சண்டை வரும், குணசேகரன் மாதிரி சொன்னா நான் சிரிச்சுக்கிட்டே போடணும். சீரியல் அவனுக்கு லைசென்ஸ் குடுத்திருக்கு.”

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அவர் சொல்வது நடந்தது, நிறைய வீடுகளில் நடந்தது. வெறுக்கவேண்டிய பாத்திரமாக எழுதப்பட்டவரை ஆண்கள் தங்களவராக எடுத்துக்கொண்டார்கள். ‘அவர் சொல்றதிலயும் நியாயம் இருக்குப்பா’ என்று ஆரம்பித்து, கடைசியில் வில்லனைப் பார்க்கவே டிவி முன் உட்கார்ந்தார்கள். சீரியல் பார்க்காத ஆண்கள் சீரியல் பார்க்க வந்தது இவருக்காகத்தான். சானலுக்கும் அது தெரிந்தது; குணசேகரனின் நேரம் கூடிக்கொண்டே போனது, பெண்களின் எதிர்நீச்சல் அந்த அளவுக்குத் தள்ளிப்போடப்பட்டது. மருமகள்கள் ஒரு அடி முன்னே வைத்தால் அடுத்த வாரம் இரண்டு அடி பின்னே. தொடரின் பெயர் பெண்களுடையது, தொடரின் சுவை ஆணுடையது என்று ஆகிப்போனது.

ஆனால் அதே விளிச்சொல்லைப் பெண்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். என் உறவுக்காரப் பெண், புருஷன் ஏதோ உத்தரவு போட்டபோது, திரும்பி நின்று, இடுப்பில் கைவைத்து, குணசேகரன் குரலிலேயே ‘இந்தாப்பா ஏய்’ என்றார். கூடத்தில் இருந்த மாமியார் முதலில் சிரித்தார். அந்த ஆள் அன்றைக்கு எழுந்துபோய்த் தண்ணீரைத் தானே மொண்டு குடித்தார். இதுவரை அந்த வீட்டில் அந்த அதிகாரத்துக்கு ஒரு பெயர் இருந்ததில்லை. ‘அவர் சுபாவம் அப்படி’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது ‘ஆரம்பிச்சுட்டாருடா குணசேகரன்’ என்று சொல்ல முடிகிறது. சுபாவமாக இருந்தது பாத்திரமாகிவிட்டது. தோழி சொன்ன லைசென்ஸும் இந்தப் பெயரும் ஒரே நடிப்பிலிருந்துதான் வந்தன. எது அதிகம் என்று கேட்டால், பெயர்தான் அதிக நாள் நிற்கும் என்று நினைக்கிறேன். தோழி இதை ஒத்துக்கொள்ளவில்லை.

*

நான் சீரியலுக்கு வக்காலத்து வாங்கவில்லை. ‘பரியேறும் பெருமாள்’ அப்பாவையும் குணசேகரனையும் பக்கத்தில் வைத்தால், சின்னத்திரை எதைக் கத்தரித்துக்கொண்டது என்பது தெரிகிறது. குணசேகரனுக்கு மீசை உண்டு, வெள்ளை வேட்டி உண்டு, பேச்சுவழக்கு உண்டு, கௌரவம் கௌரவம் என்று சதா புலம்பல் உண்டு. சாதி மட்டும் கிடையாது. எந்தக் கௌரவம், யார் முன்னால் கௌரவம் என்று தொடர் சொல்லாது. தங்கை காதலித்தவன் தொழில் எதிரியின் குடும்பத்துக்காரன் என்று வைத்துவிட்டால் விவகாரம் இரண்டு பணக்காரர்களுக்கு இடையிலானதாகிவிடுகிறது. தெற்கே ஒரு குடும்பத் தலைவன் தங்கையின் காதலுக்கு எதிராக நிற்கும்போது வழக்கமாக எது வந்து நிற்குமோ, அது வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டது. சாதியைக் கழித்துவிட்டு ஆணாதிக்கத்தை மட்டும் பேசுவது வெகுஜன ஊடகத்துக்கு வசதி. யாரும் வழக்குப் போடமாட்டார்கள், விளம்பரதாரர்களும் ஓடமாட்டார்கள். எழுத்து அங்கே நின்றுவிட்டது. மாரிமுத்துவின் உடம்பு நிற்கவில்லை என்றே சொல்வேன். அவர் அவமானப்படும் காட்சிகளில், ‘ஊர் என்ன சொல்லும்’ என்று முகம் சுருங்கும்போது, 2018இன் அந்த அப்பா எட்டிப் பார்க்கிறார். பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நிஜத்தில் இந்த ஆள் எப்படி? ஜீ தமிழின் ‘தமிழா தமிழா’ நிகழ்ச்சியில் 2023இல் ஜோதிடர்களோடு நேருக்கு நேர் மோதினார். கிரகத்தை நம்பி வாழ்க்கையை ஒப்படைக்காதே என்று, கொஞ்சம் குணசேகரன் பாணியிலேயே, உரக்கச் சொன்னார். அந்தத் துண்டு பரவியது. ‘குணசேகரன் பகுத்தறிவு பேசுறார்’ என்று தலைப்புப் போட்டுப் பகிர்ந்தார்கள். அதுவும் ஒரு வேடிக்கை: பாத்திரத்தின் அதட்டும் குரல் இல்லாவிட்டால் அந்தப் பேச்சை எவ்வளவு பேர் கேட்டிருப்பார்கள்? சில வாரங்களில் அவர் இறந்தபோது, ஜோதிடத்தைப் பழித்ததால் வந்தது என்று எழுதினார்கள் சிலர். ஒரு மனிதரின் மாரடைப்பைப் பரிகாரம் செய்யாத குற்றமாக வாசிக்கும் மனநிலை அது. அவர் தாக்கியது சரியான இடத்தைத்தான் என்பதற்கு அதற்குமேல் ஆதாரம் தேவையில்லை.

மாரடைப்பு எங்கே வந்தது என்பதுதான் பேசவேண்டிய விஷயம். டப்பிங் அறையில், அதே குணசேகரனுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது. மூச்சுத் திணறி வெளியே வந்தார், மருத்துவமனைக்குப் போனார், உயிர் போய்விட்டது. அறுபதைத் தொடவில்லை. ரஜினியின் ‘ஜெயிலர்’ வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதில் வில்லன் கும்பலில் ஒருவராக வந்திருந்தார். வாரத்தில் ஆறு நாள் ஒளிபரப்பாகும் தொடருக்கு ஆறு நாளும் தீனி வேண்டும். பகலில் நடித்ததை மறுபடி குரலில் நடிக்கவேண்டும். அழுகை, கத்தல், அதட்டல் எல்லாம் இரண்டு தடவை. முதல் தடவை உடம்போடு, இரண்டாம் தடவை இருட்டு அறையில் திரையைப் பார்த்து உதட்டுக்கு உதடு பொருத்தி. ஆலையில் ஷிப்ட் முடிந்தால் சங்கு ஊதும், இங்கே ஊதாது. சீரியல் நடிகர்களின் வேலை நேரம், ஓய்வு, மருத்துவப் பாதுகாப்பு பற்றித் தொழிற்சங்கத் தோழர்கள் பேசினார்களா? துணை நடிகர், லைட்மேன், டிராலி தள்ளுபவர் பற்றிப் பேசினாலும் ‘டிவியில் முகம் தெரிகிற’ ஆளைத் தொழிலாளி என்று பார்க்க நமக்கு மனம் வருவதில்லை. புகழ் வந்துவிட்டது என்றால் சுரண்டல் இல்லை என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம்.

*

அவர் போன பிறகு கதையில் குணசேகரன் கொஞ்ச காலம் காணாமல் போனார். பிறகு வேறு உடம்பில் திரும்பி வந்தார். வந்தவர் வேல ராமமூர்த்தி. ‘குற்றப் பரம்பரை’ எழுதியவர், நமக்கு முதலில் சிறுகதைக்காரராகத் தெரிந்தவர். பாத்திரம் சானலின் சொத்து, நடிகர் அதில் குடியிருப்பவர் என்பதை இவ்வளவு வெளிப்படையாக வேறெதுவும் காட்டியதில்லை. வீட்டைக் காலி செய்த மறுநாளே வெள்ளையடித்து அடுத்தவருக்கு விடுவது மாதிரி.

வேல ராமமூர்த்தியைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. மற்றவர் அணிந்து தேய்த்த செருப்பில் நடக்கச் சொன்னால் யாருக்கும் கால் கடிக்கும். அவருடைய குணசேகரன் கனத்த ஆள், கம்பீரமான ஆள், சினிமாவில் நாம் அறிந்த பெரிய வீட்டுக்காரர். பயம் வருகிறது, சிரிப்பு வரவில்லை. சிரிப்பு போனதும் குணசேகரன் வெறும் வில்லனாகிவிட்டார். வசனம் எழுதியவர்கள் மாறவில்லை, இயக்குநர் மாறவில்லை, கூடத்துச் சோபாவும் மாறவில்லை. அப்படியென்றால் முதல் பத்தொன்பது மாதங்கள் நாம் பார்த்தது எழுத்தின் குணசேகரன் இல்லை. நல்லவர் மாதிரியே கொடுமை செய்யும் ஒருவரை, தன் ஊரிலிருந்து சுமந்துகொண்டு வந்து, ஒரு மனிதர் நமக்குக் காட்டிக்கொண்டிருந்தார். தொடர் 2024 ஜூனில் முடிந்தது, டிசம்பரில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று மறுபடி ஆரம்பித்தது.

போன பொங்கலுக்கு மேலே சொன்ன உறவுக்கார வீட்டுக்குப் போயிருந்தேன். தொடர் ஓடிக்கொண்டிருந்தது, யாரும் சரியாகப் பார்க்கவில்லை. மாமியார் அடுப்படியிலிருந்து மகனைக் கூப்பிட்டார். ‘இந்தாப்பா ஏய்.’ ‘அப்பா’வில் இறக்கி, ‘ஏய்’யில் தூக்கி.